மிதப்பவரை யார் கூப்பிடுவது

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள டீக்கடையில் தொடங்கியது. போன மாதம் ஒரு சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு படியேறப் போனேன். பின்னால் யாரோ உதட்டைக் குவித்து 'ப்ச்' என்று கூப்பிட்டார்கள்.* திரும்பிவிட்டேன். கூப்பிட்டவர் ஒரு டாக்சிக்காரர். அவருக்கு வேண்டியது டீ. நான் திரும்பி நின்றதற்கு அவர்தான் வெட்கப்பட்டார்.

(* 'ப்ச்' என்று எழுதியது தவறு. அது சலிப்புக்கு உரியது. இது முத்தம் போன்ற ஒலி. காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இதற்குத் தமிழில் எழுத்து இல்லை. ரங்கூன் டீக்கடைகளில் இப்படிக் கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.)

என் கணவர் ஷாநவாஸ் வீட்டிலும் என்னை இப்படித்தான் கூப்பிடுவார். "நான் என்ன, டீ கொண்டுவர்ற ஆளா?" என்று கேட்டால், "கொண்டுவந்தா வேணாம்னா சொல்லப்போறேன்?" என்பார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கரீபியக் கடலின் நடுவே செயின்ட் லூசியா என்னும் எழில் கொஞ்சும்'

அடித்துவிட்டேன். ரங்கூனில் எங்கள் தாகேதா பேட்டையை விட்டு அதிகம் நகராதவள் நான். எழில் கொஞ்சியதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது தொடக்கம்: 'கப்பலில் துணி வெளுத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன்'

அவரை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை.

ஆகவே அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், உல்லாசக் கப்பல் ஒன்றின் சலவைப் பிரிவில் இருந்தார். கப்பல் அந்த செயின்ட் லூசியா தீவில் ஒரு பகல் நின்றது. பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் பஸ்ஸில் ஒரு சீட் காலி. மேலதிகாரி "போய்ட்டு வா" என்றார். வழிகாட்டி ஒரு பெண். ஒருநாள் அவள் பெயர் மார்வா என்பார், இன்னொரு நாள் மார்லின் ஆகிவிடும். நான் மார்வா என்றே வைத்துக்கொள்கிறேன். (ஒருத்திக்கு இரண்டு பெயரை நினைவில் வைத்திருக்கிறாரே என்று அப்போது எரிச்சல். இப்போது அவள்மேல் எனக்குப் பிரியம்தான்.)

3

கடலிலிருந்து நேராக எழும் இரண்டு கூர்மலைகளை மார்வா காட்டினாள். கந்தகம் கொதிக்கும் பள்ளத்தைக் காட்டினாள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ள, இவருக்கு மட்டும் அவித்த முட்டை ஞாபகம் வந்து பசித்தது. பஸ்ஸில் ஏறியதும் தாகம். மார்வா முன்னால் நின்று மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் கடைசி சீட்டிலிருந்து உதட்டைக் குவித்துக் கூப்பிட்டார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

(பேச்சு நடந்தது ஆங்கிலத்தில். நமக்கு அவர் நடித்துக்காட்டிய தமிழ். மார்வாவுக்கு மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொள்வார்.)

"யாரு அது, எனக்கு முத்தம் கொடுத்தது?"

"நாந்தான் அக்கா. தண்ணி."

மார்வா பல்லிடுக்கில் காற்றை நீளமாக உறிஞ்சினாள். அந்தப் பக்கத்தில் அதற்கு 'நீயெல்லாம் ஒரு ஆளா' என்று அர்த்தமாம். இவரோ பதில் வந்துவிட்டதாக நினைத்து, "ரொம்ப சந்தோஷம். ஜில்லுன்னு இருந்தா நல்லது" என்றார்.

"உங்க ஊர்ல அம்மாவையும் இப்படித்தான் கூப்பிடுவியா?"

"சேச்சே. டீ கொடுக்கிறவங்களை மட்டும்தான்."

"அப்ப நான் டீக்காரியா?"

"தண்ணிதானே அக்கா கேட்டேன்?"

முதலில் சிரித்தது டிரைவர். பிறகு பஸ் முழுக்க. கடைசியில் மார்வாவும்.

4

மத்தியானம் கடற்கரை. இவர் பையிலிருந்து கைலியை எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது என்று சத்தியம் செய்வார்.) ரங்கூனின் பசுண்டாங் ஓடையில் நீந்திப் பழகியவர். நனைந்த கைலியைத் தூக்கித் தண்ணீரில் அடித்தால் உள்ளே காற்று சிக்கிப் பந்துபோல் உப்பும். கைலியின் வாயை முறுக்கிப் பிடித்து அதன்மேல் நெஞ்சை வைத்து மிதந்தார். "அப்படியே ரங்கூன் வரைக்கும் வந்திருப்பேன், உன்னைப் பொண்ணு பார்க்க" என்பார். என்னை அப்போது அவருக்குத் தெரியவே தெரியாது.

புறப்படும் நேரம். ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. மார்வா கரைக்கு வந்து அதே ஒலியைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வரவில்லை. பயணிகளும் இறங்கி வந்தார்கள். ஒரு பஸ் நிறையப் பேர் கரையில் நின்று கடலுக்கு முத்தம் கொடுத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து

5

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

கரையேறினால் பஸ். பஸ்ஸிலிருந்து கப்பல், மிங்கலாடோன் விமான நிலையம், எங்கள் நிக்காஹ், மகள் இன்ஷா. பிறகு 2021 ஜூலை. ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்த மாதம். அவரால் பேச முடியவில்லை. ஆனால் அந்த ஒலிக்கு ஒரு வாய்க் காற்று போதும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கூப்பிட்டார். "இங்கேதானே இருக்கேன்" என்பேன். மறுபடியும் கூப்பிடுவார். பிறகு கூப்பிடவில்லை.

(இந்தப் பகுதியை நீட்டலாம். வேண்டாம்.)

6

இன்ஷாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவள் என்னைப் பர்மியர் வழக்கப்படி 'மேமே' என்றுதான் அழைப்பாள்.

"மேமே, அத்தா ஏன் இன்னும் தண்ணியிலேயே இருக்காங்க?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே. அங்கே காத்து இருக்கு."

"தோலெல்லாம் ஊறிடும்."

"கரைக்கு வந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்லே?"

"தெரியும்." பேனா மூடியைக் கடித்தாள். "வரலேன்னா நான் யாருக்குப் பொறக்கிறது? மார்வாவுக்கா?"

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சட்டென்று நிற்கவில்லை.

"நீங்களே கூப்பிடுங்க மேமே. அவங்க யாருக்கும் சரியா வரலே."

உதட்டைக் குவித்தேன். வெறும் காற்று வந்தது. கூப்பிட்டால் திரும்புவதுதான் எனக்குப் பழக்கம். ஒருநாளும் நான் கூப்பிட்டதில்லை.

7

அவர் தானாகவே கரையேறுவதாக ஒரு முடிவு எழுதினேன். அது அவர் இல்லை. தண்ணீரில் இறங்கினால் கூப்பிடாமல் வரமாட்டார். மிதந்தபடியே போய்விடுவதாக இன்னொன்று எழுதினேன். இன்ஷா பக்கத்து அறையில் பர்மியப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அதையும் கிழித்தேன்.

அவர் வரத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒலியை என்னால் எழுத முடியாது, எழுத்தில்லை, எழுப்பவும் வரவில்லை. வாசிக்கிற உங்களுக்கு வாய் இருக்கிறது. மார்வாவின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மணல் சுடும், செருப்பைக் கழற்ற வேண்டாம். உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுங்கள். திரும்பிவிடுவார்.

இப்போதே வேண்டாம். பஸ் டிரைவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.