மடியளவுப் போர்வை

மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் தையல் கூட்டத்தில் அவளுக்கு ‘மருந்துக்கடை’ என்றே பெயர். தையல்காரர் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடுவார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்து, நடமாட முடியாதவர்களுக்குச் சும்மாவே கொடுப்பார்கள்.

சேர்ந்த அன்றே ஓய்வுபெற்ற நர்ஸ் கேட்டாள், “வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நான் மட்டுந்தான்க்கா.”

வீட்டில் தம்பி இருந்தான். பிறவியிலேயே கால்கள் விளங்காதவன். பேச்சும் குழறும். அம்மா போனபின் அவனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் அவள்தான். ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் அவனைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நாலு பேரிடம் அவனைப் பற்றிச் சொல்ல மட்டும் நாக்கு எழுவதில்லை.

குளிர் தொடங்கிய நேரத்தில் ஒரு போர்வை தயாரானது. ஓரம் தைத்தவள் அவள்தான். “என்னக்கா இவ்வளவு குட்டை? துணி தீர்ந்துபோச்சா?” என்று கிண்டல்கூடச் செய்தாள். முடித்ததும் நர்ஸ் அதை மடித்து அவள் கையிலேயே வைத்தாள்.

“நீளமா இருந்தா நாற்காலிச் சக்கரத்துல மாட்டிக்கும். அதான் மடியளவு. உன் தம்பிக்குத்தான்.”

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. “உங்களுக்கு... எப்படி?”

“உன் வீட்டு ஜன்னலைத் தாண்டித்தானே வர்றோம்? முதல் வாரமே கூப்பிட்டுப் பேசிட்டான், வாயாடி.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். “அவன்தான் வேண்டாம்னான். ‘அக்காவுக்கு நான் இல்லாத இடம் ஒண்ணாவது வேணும்’னு சொன்னான். குளிர் வந்துடுச்சேம்மா, இனிமேயும் மறைக்க எங்களுக்கு மனசு வரல.”

யாராவது ஒருத்தி திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. எல்லோரும் தைத்துக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டில், போர்வையைப் பார்த்ததும் தப்புச் செய்தவனைப் போலத் தம்பிதான் விழித்தான்.

“சொல்லிட்டாங்களா? கோவமா அக்கா?”

அவள் தரையில் உட்கார்ந்து போர்வையை அவன் மடியில் விரித்தாள். “நான்தான்டா...”

“நீலம் நான் கேட்டது,” என்றான் அவன் அவசரமாக. “பச்சை வேண்டாம்னேன், அவங்க கேக்கல.”

அவன் சிரித்தான். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனையும் தள்ளிக்கொண்டு போனாள். வாசற்படியில் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்கினார்கள். ‘இவன் என் தம்பி’ என்று சொல்ல வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். உள்ளே போனதும், “பச்சை எப்படிடா இருக்கு?” என்று ஆளாளுக்கு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அறிமுகப்படுத்த, அவனைத் தெரியாதவர் அங்கே யாருமே மிச்சமில்லை. நூல் கோக்கிற சாக்கில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.