ஐந்தாவது ஆள்

"விடியறதுக்குள்ள எங்கயாச்சும் போயிடுங்கக்கா" என்றாள் புஷ்பவல்லி, முகத்தைப் பார்க்காமல்.

பிரிக்பீல்ட்ஸ் பலகை வீட்டு வரிசையில் அன்று ஆள் கணக்கு எடுக்க வருகிறார்கள். நெரிசலை இடித்துத் தள்ளிவிட்டு ஏழைகளுக்குக் கல்வீடு கட்டித் தரப்போகிறார்களாம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருந்தால் வீடே கிடையாது என்று எவனோ ஒரு புரளியையும் கிளப்பிவிட்டிருந்தான். ரெங்கசாமி வீட்டில் அவன், மனைவி புஷ்பவல்லி, இரண்டு பிள்ளைகள், செத்துப்போன அண்ணனின் மனைவி தனலெட்சுமி என்று ஐந்து பேர். யாரை ஒளிப்பது என்று அந்த வீட்டில் ஒரு நொடிகூட யாரும் யோசிக்கவில்லை.

"நல்ல காரியமா ஆளு வர்ற நேரம், நீங்க முன்னால நிக்கக் கூடாது அண்ணி" என்றான் ரெங்கசாமி.

கப்பலிறங்கிக் காய்ச்சலில் கிடந்த அவனுக்குக் கஞ்சி ஊற்றி எழுப்பியதும் இதே விதவைக் கைதான். அப்போது சகுனம் பார்க்க ஐயாவுக்குத் தெம்பில்லை.

ரயில்வே கரிக்குவியலுக்குப் பின்னால் உச்சிப்பொழுதுவரை உட்கார்ந்திருந்தாள் தனலெட்சுமி. கணக்கு எழுத வந்த கிராணி நாலு பேர் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஏழு மாதம் கழித்து, பழைய வரிசையை இடிக்கும் நாளில் கல்வீட்டுச் சாவிகளைக் கொடுத்தார்கள். துணிமூட்டையோடு வாசற்படியில் இருந்தவளைக் காட்டி, யார் இது என்று கிராணி கேட்டார். பொய் வெளிப்பட்டால் வீடு போய்விடுமே என்று ரெங்கசாமி முந்திக்கொண்டான்.

"தெரியாதுங்க. எங்கேருந்தோ வந்து ஒண்டிக்கிட்டுக் கெடந்துச்சு."

தனலெட்சுமி அவனையே பார்த்தாள். அவன் ஓர் அறைக்கான சாவியை வாங்கிக்கொண்டான்.

அடுத்து வந்த தம்புசாமி, தாலியறுத்த மாமியாரையும் கணக்கில் ஐந்தாவதாகச் சேர்த்திருந்தான். அவனுக்கு இரண்டு அறை! அதெப்படி என்று ரெங்கசாமி கேட்டதற்குக் கிராணி சிரித்தார்.

"நாலு பேருக்கு மேல இருந்தா ரெண்டு ரூம். அதுக்குத்தானய்யா ஆளு எண்ணுனோம். யாராச்சும் விட்டுப்போயிருந்தா இப்பவே வந்து சொல்லச் சொல்லு, எழுதிக்கிறேன்."

புஷ்பவல்லி ஓடிவந்து தனலெட்சுமியின் கையைப் பிடித்தாள். நான் இந்த வீட்டு ஆள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள்.

அன்றிரவு படுக்கத் தனலெட்சுமிக்கு இடமில்லை. அந்த ஒரு வார்த்தை அவளுக்கும் கூரை தரும். அது அவளுக்கும் தெரியும். மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"புது வீட்டுல பால் காய்ச்சுற நாளும்மா" என்றாள், கிராணிக்கும் கேட்கும்படி. "நல்ல காரியத்துக்கு நான் எப்படி முன்னால வந்து நிக்கிறது?"