சிறுவாச்சூர் கல்யாணம்

திருமானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் கொளஞ்சியைத் தேடி ஒருநாள் காலையில் நர்மதா வந்தாள். மீன்சுருட்டிக்காரி. அதற்கு முன் இரண்டு பேரும் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் சாவு வீட்டில்.

கொளஞ்சியின் அம்மா சுந்தராம்பாள் செத்த அன்று கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் கலைச்செல்வன். "எங்கப்பாவுக்கு மூத்த தாரம். நான் வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மொட்டை போட உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னால் வந்து ஓரமாக நின்றவள்தான் அவன் மனைவி நர்மதா.

அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் சுந்தராம்பாளைத் தாரம் என்று சொன்னதில்லை. "சேத்துக்கிட்டது" என்பார்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் கலைச்செல்வனின் அப்பா ஆண்டவர் தனக்குத் தாலி கட்டினார், பெரம்பலூர் ஆபீஸில் கையெழுத்தும் போட்டார் என்று அவள் சாகும்வரை சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கொளஞ்சி கைக்குழந்தையாக இருக்கும்போதே ஆண்டவரின் அப்பா அவரை மீன்சுருட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பொன்னம்மாளைக் கட்டிவைத்துவிட்டார். பொன்னம்மாளுக்குப் பிறந்தவன் கலைச்செல்வன். ஆண்டவர் கடைசிவரை வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுக்கா" என்றாள் நர்மதா. "திருச்சிக்குப் போயிப் போயி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வரோம். என் குரூப்பு சேரல. அத்தைக்கு சுகரு." அதற்கு மேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கொளஞ்சி இட்லித் தட்டை இறக்கி வைத்தாள்.

"அவன் குரூப்பு என்ன?"

"ஓ பாசிட்டிவ்."

"எனக்கும் அதான். எப்ப வரணும்?"

கொளஞ்சியின் கணவன் அசோக் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னான்: "அத்தைக்கு அவன் கொள்ளி வெச்சத நானுந்தான பாத்தேன். குடு. நான் கூட இருக்கேன்."

பரிசோதனை எல்லாம் முடிந்தது. உடம்பு ஒத்துக்கொண்டது, காகிதம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன் கொளஞ்சியை உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"அக்கான்னு சொல்றீங்க. அவங்க ரேஷன் கார்டுல நீங்க இல்ல. அப்பா இறந்தப்ப வாங்கின வாரிசுச் சான்றிதழ்லயும் இல்ல. யாராவது ஏதாவது தரேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"நான் விக்க வரலீங்க சார். எந்தம்பிக்குக் குடுக்க வந்திருக்கேன்."

"அப்ப தம்பிதான்னு காட்டுங்கம்மா. அம்மா அப்பா கல்யாணப் பதிவு இருந்தாக் கொண்டாங்க."

வெளியே வந்தவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அம்மாவை வாழ்நாள் முழுக்க விரட்டிய கேள்வி, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து அவளைக் கேட்கிறது. ஆனால் இந்தத் தடவை பதில் தேடி அலைவதற்கு அவள் மட்டும் இல்லை. எந்த வீடு அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்று சாதித்ததோ, அதே வீடு அது நடந்தது என்று நிரூபிக்க மாவட்டம் மாவட்டமாக ஓடியது.

பெரம்பலூர் பதிவாளர் ஆபீஸுக்கு நர்மதாவும் கொளஞ்சியும் சேர்ந்தே போனார்கள். எமர்ஜென்சி வந்த வருஷம், ஆவணி மாதம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது கொளஞ்சிக்கு நினைவிருந்தது. மனு எழுதிக் கொடுத்து, அலைந்து, காத்திருந்து, கடைசியில் பழைய பதிவேட்டை ஓர் ஊழியர் மேசைமேல் விரித்தார். மணமகன் ஆண்டவர். ஊர் மீன்சுருட்டி. தாலி கட்டிய இடம் சிறுவாச்சூர். மணமகள் பெயர் மட்டும் 'சுந்தரி' என்று இருந்தது. பெண்ணின் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்த பெண், அந்தப் பெயரைச் சொல்லப் பயந்திருப்பாள்.

கீழே ஒரு கைநாட்டு. மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. கொளஞ்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.

"எங்கம்மாதாங்க இது" என்றாள் அந்த ஊழியரிடம். அவர் தலையை ஆட்டிவிட்டு நகல் போடப் போனார்.

குழு அந்த நகலை வாங்கிப் பார்த்தது. சுந்தரியும் சுந்தராம்பாளும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி? டிஎன்ஏ பார்த்துவிடலாம் என்றார்கள். அப்பா உயிரோடு இல்லாததால் கலைச்செல்வனின் அம்மாவும் மாதிரி கொடுத்தால் நல்லது. அவனுக்கு அம்மா வழி வந்தது எது, அப்பா வழி வந்தது எது என்று அப்போதுதான் தெளிவாகப் பிரிக்க முடியும்.

பொன்னம்மாள் வருவாள் என்று கொளஞ்சி நினைக்கவில்லை. வந்தாள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுக்க வாயைத் திறந்து காட்டினாள். பிறகு பெஞ்சில் கொளஞ்சிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கம்மாவுக்குத் தாலி கட்டினது எனக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும்."

"பின்ன ஏங்க இல்லன்னு சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னா என் கல்யாணம் செல்லாது. எம்புள்ளைக்கு அப்பன் பேரு இல்லாமப் போயிடும். அந்தப் பேரு ஒனக்கு இல்லாமப் போனது தெரிஞ்சுதான் இருந்தேன்."

கொளஞ்சிக்கு அந்தம்மாவின் கையைப் பிடிக்கத் தோன்றவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை.

"இதை அந்த ஆபீசர் முன்னாடி சொல்வீங்களா?"

"சொல்றேன்."

சொன்னாள். முடிவு வந்த அன்று குழுவின் முன்னால் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மூத்தவ அவங்கதாங்க, நான் ரெண்டாவது" என்று தெளிவாகச் சொன்னாள். முதல் நாள் கோப்பைப் புரட்டிய அதே அதிகாரி அறிக்கையைப் படித்தார். தாய் வேறு, தகப்பன் ஒன்று. சந்தேகத்துக்கு இடமில்லை.

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள் கொளஞ்சி.

அவர் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு 'கொளஞ்சி, தகப்பனார் ஆண்டவர்' என்று பெயரோடு சேர்த்து, இன்னும் நிதானமாகப் படித்தார். சக்கர நாற்காலியில் இருந்த கலைச்செல்வன் எட்டி அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

ஆபரேஷன் ஆன அன்று கொளஞ்சி கண் விழித்தபோது நர்மதா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணி, அவருக்கு மூத்திரம் வந்துடுச்சு. பை நெறையுது. நர்சு மாத்தி மாத்தி ஊத்துறாங்க. அத்தை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிட்டு வராங்க."

"சிரிக்க வெக்காத. தையல் இழுக்குது" என்றாள் கொளஞ்சி. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அசோக் திரும்பி நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உடம்பு தேறியபின் மீன்சுருட்டிக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக அப்பா ஊருக்குள் போகிறாள். கார் திரும்பும் முனையில் கலைச்செல்வனின் கூட்டாளிகள் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'ஆண்டவர் – சுந்தராம்பாள் தம்பதியின் மகள் கொளஞ்சி அக்காவை வருக வருக என வரவேற்கிறோம்.'

கொளஞ்சி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வெயிலில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வேட்டு வெடித்தது. வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பொன்னம்மாள் இங்கிருந்தே தெரிந்தாள்.

"ஏன்டா தம்பி," என்றாள் கொளஞ்சி, பக்கத்தில் வந்து நின்ற கலைச்செல்வனிடம், "வேற போட்டோவே கெடைக்கலயா? ஓட்டர் கார்டுல இருந்தா எடுப்பீங்க?"