முன்தண்டின் வலது தோள்

என் அண்ணன் ஆரோக்கியநாதன் செத்துப்போனான் என்று யாரும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அவனுடைய இடத்தைக் கேட்டுத்தான் வந்தார்கள்.

1942, மே மாதம். அண்ணன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே குண்டு விழுந்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. பிழைத்தவர்கள் காடு மலையெல்லாம் நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு. அவனும் நடந்து வந்துகொண்டிருக்கிறான் என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சென்னையிலும் குண்டு விழும் என்று பயந்து சாந்தோமில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருந்தார்கள். நான் வாத்தியாரம்மாவாக இருந்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள்.

பட்டணத்தில் சேர்த்தி என்று பேர்தானே தவிர, எங்கள் தெருக்கள் அப்போது தனி ஊர். போர்த்துகீசியர் காலத்திலிருந்து இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு அலாதிப் பெருமை. தெருக்கோடியில் ஒரு சின்ன மாதா கோயில். மே மாதக் கடைசியில் அதற்குத் திருவிழா. மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கித் தெருக்களைச் சுற்றி வருவார்கள். தண்டில் எந்த இடம் எந்த வீட்டுக்கு என்பது முப்பாட்டன் காலத்து ஏற்பாடு. முன்தண்டின் வலது தோள் எங்களுக்கு. அப்பாவுக்குப் பிறகு அண்ணன். வருஷா வருஷம் எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்துவிடுவான். ஒரு வருஷம் வீட்டு ஆள் நிற்காவிட்டால் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான்.

திருவிழாவை நடத்துகிற காஸ்பர் மாமா அதற்காகத்தான் வந்திருந்தார். அவருடைய மருமகன் இக்னேஷியஸ், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. தண்டில் தனக்கு இடமில்லையே என்ற குறை அவருக்கு ரொம்ப நாளாக உண்டு.

"ஒரு தோள் காலியா கீதும்மா. மாதாவைச் சாய்ச்சுக்கினா தூக்க முடியும்? இக்னேஷியஸ் நிக்கட்டும்" என்றார் மாமா.

"ஆரோக்கியம் வந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

மாமா தரையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயால் சொல்லத் துணியாத சாவைத் தலையைக் குனிந்து சொல்வதா?

"நான் நிக்கறேன் மாமா."

"இன்னாம்மா பேசறே? பொம்பள தோள்லயா?"

"வீட்டு ஆளுன்னுதானே பேச்சு? நான் இன்னா, இந்த வீட்டு ஆடா, மாடா?"

"வெரோனிகா, இது வெளையாட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் அண்ணனின் போர்வையை எடுத்துவந்து, தோளுக்கு மெத்தையாக நாலாய் மடித்துக் கொடுத்தாள்.

வழக்கமாகச் சப்பரம் இருட்டிய பிறகு விளக்கு அலங்காரத்தோடு கிளம்பும். அந்த வருஷம் விளக்கேற்றத் தடை. அதனால் பட்டப்பகலில், வெயில் கொளுத்தும்போதே புறப்பாடு. தூக்குகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது. எங்கள் கோயிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சப்பரம் தோளேறிவிட்டால் ஜெபத்தைத் தவிர வேறு பேச்சு கூடாது, சண்டை சுத்தமாகக் கூடாது. நான் நம்பியது அதைத்தான்.

எல்லோரும் தண்டுக்குக் குனிந்த நேரம் பார்த்து, இக்னேஷியஸுக்கு முன்னால் புகுந்து போர்வையோடு தோளைக் கொடுத்தேன். அவர் திறந்த வாயை மூடுவதற்குள் மணி அடித்தது, மாதா எழும்பிவிட்டாள். காஸ்பர் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஜெபமாலையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.

வீராப்பெல்லாம் முதல் திருப்பம் வரைக்கும்தான். நான் மற்றவர்களைவிடக் குள்ளம். போர்வை நழுவ நழுவப் பாரம் எலும்பில் இறங்கியது. தார் இளகிய ரோட்டில் உள்ளங்கால் வெந்தது. அண்ணன் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. படுபாவி, சொல்லியிருக்கலாம். பக்கத்திலேயே நடந்துவந்த இக்னேஷியஸ் தண்டுக்குக் கையை நீட்டினார். பாவம், இரக்கப்பட்டுத்தான் நீட்டியிருப்பார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

தெருவுக்குத் தண்ணீர் சுமக்கும் பாஞ்சாலிக்கு எங்கள் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. "இன்னா டீச்சரம்மா, காலு வெந்துக்கினு கீது, வாயத் தொறக்காம போய்க்கினே கீறியே!" என்று கத்திக்கொண்டே குடத்தோடு ஓடிவந்தாள். எங்களுக்கு முன்னால் ரோட்டில் தண்ணீரைக் கொட்டினாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசித் தெருவை ஈரத்திலேயே நடந்து கடந்தோம்.

கோயில் வாசலில் சப்பரத்தை உடனே இறக்கமாட்டார்கள். காஸ்பர் மாமா ஒவ்வொரு இடத்துக்கும் உரியவரின் பெயரைக் கூப்பிடுவார். "தோள் உண்டு" என்று பதில் வர வேண்டும். யார் பெயருக்குப் பதில் வருகிறதோ இடம் அவருக்கு. எல்லாப் பெயருக்கும் பதில் வந்தபிறகுதான் இறக்கலாம்.

பின்தண்டு முடிந்தது. முன்தண்டில் இடது தோளும் முடிந்தது. மாமா என்னிடம் வந்து நின்றார். என் காலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"வெரோனிகா!"

கூட்டத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் ஜிவ்வென்றுதான் இருந்தது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத இடம். பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் இடம் எனக்கு. அப்படியென்றால் அண்ணனுக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"வெரோனிகா!" மறுபடியும் கூப்பிட்டார். பின்னாலிருந்து யாரோ வலியில் முனகினார்கள். மாமா கட்டுப்பாட்டையும் மறந்து, கிட்டே வந்து, "உனக்குத்தாம்மா குடுக்கறேன், இன்னும் இன்னா வேணும்?" என்றார்.

"எனக்கு வேணாம் மாமா. அண்ணன் பேரைக் கூப்பிடுங்க."

"அம்மாடி, அவன்..."

"கூப்பிடுங்க."

மாமா மடியில் உட்கார்ந்து வளர்ந்தவன்தான் அண்ணன். தலையை நிமிர்த்தி, தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஆரோக்கியநாதன்!"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் முந்திக்கொண்டது.

"தோள் உண்டு!"

அதற்கப்புறம்தான் மாதாவை இறக்கினோம்.