பாண் ஓட்டோ விழுங்கிய ஏழு தட்டு

1

இந்தக் கதை பாண் வாங்கப் போன இடத்தில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லலாம்தான், பொய்யாகிவிடும். தெல்லிப்பழையில் எங்கள் ஒழுங்கை முனையில் பாண் ஓட்டோ, ரொட்டியும் பன்னும் விற்கிற பேக்கரி வண்டி, பாடிக்கொண்டு நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஒலிபெருக்கி கரகரத்தது, ஆனால் மெட்டு நல்ல மெட்டு. ஒரு வரியின் முடிவில் அது நிற்கப் பார்க்கிறது. நிற்க முன்னரே "பாண்... பணிஸ்..." என்று ஓர் ஆண்குரல் குறுக்கே விழுகிறது.

"இந்தப் பாட்டை ஆர் தம்பி போட்டது?" என்றேன்.

"ஆருக்கண்ணை தெரியும்? முதலாளி தந்தவர். உங்களுக்குப் பணிஸ் எத்தினை?"

யாரென்று தெரியாத இடத்தில் ஓர் ஆளைப் பிடித்து வைப்பதுதான் என் தொழில். ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. (பணிஸ் மட்டும் உண்மை. அதுவும் முதல்நாள் பணிஸ்.)

2

தொடக்கம் ஒன்று: "குருநகர்க் கடற்கரையில் அலைகள் ஓலமிட்டுக்கொண்டிருந்த ஓர் அந்தியில்" — வேண்டாம். குருநகர்க் கடல் முழங்கால் தண்ணீர்; அது ஓலமிட்டு நான் கேட்டதில்லை.

தொடக்கம் இரண்டு: "ஜெசிதா பிறந்தபோதே இசை அவளை" — இதுவும் வேண்டாம்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். ஜெசிதாவுக்கு முப்பத்தாறு வயது. குருநகரில் இருக்கிறாள். ஞாயிறுகளில் மாதா கோயிலில் கீபோர்ட் வாசிப்பாள், மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பாள். யாருடைய பேச்சையும் இலேசில் கேட்கமாட்டாள்.

அவள் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டாள். ஒருவன் ஒருத்தியிடம் தன்னைக் கலியாணம் கட்டச் சம்மதமா என்று கேட்கிறான். "யோசிச்சுச் சொல்லுறன்" என்கிறாள் அவள். அதன் பிறகு தாளத்தில் ஏழு தட்டுக்குப் பாட்டில் ஒன்றுமே இல்லை. குரல் இல்லை, வாத்தியம் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுடைய பதில் வருகிறது.

அந்த ஒன்றுமில்லாததைக் கண்டுபிடிக்க ஜெசிதாவுக்கு ஒரு வருடம் போனது. முதலில் அங்கே வயலின் வைத்தாள். ஒப்பாரி மாதிரி இருந்தது. தபேலா வைத்தாள், கலியாணவீட்டு வீடியோ மாதிரி இருந்தது. ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேட்டாள். உடம்பு சிலிர்த்தது. அறைக்குள் தனியே இருந்து சிரித்தாள். அன்றைக்கு அவளைவிடச் சந்தோஷமான மனுஷி யாழ்ப்பாணத்தில் இருந்திருக்கமாட்டாள்.

யூடியூபில் ஏற்றினாள். சொந்தக்காரர்தான் கேட்டார்கள். அவர்களிலும் பாதிப்பேர் அந்த இடத்தில் சத்தம் அறுந்துவிட்டதென்று போனைத் தட்டிப் பார்த்தார்கள்.

3

பேக்கரி முதலாளி மார்க்கண்டு அவளைத் தேடி வந்தார். நல்ல மனிதர். (கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுகம். ஆனால் அவர் அப்படி இல்லை.)

"பிள்ளை, உன்ரை மெட்டு என்ரை ஓட்டோவிலை எல்லா ஒழுங்கைக்கும் போகும். ஓமெண்டு சொல்லு."

எல்லா ஒழுங்கைக்கும்! பாட்டுப் போடுகிற எவருக்குத்தான் அந்த ஆசை இல்லை? அவள் ஓமென்றாள். அடுத்த கிழமை காலையில் தன் மெட்டுத் தெருவில் வருவதைக் கேட்டு வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக் குழந்தை அதற்கு ஆடியது. அவளுக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் அந்தக் குரல் விழுந்தது: "பாண்... பணிஸ்..."

உடனே போன் எடுத்தாள்.

"ஐயா, அதிலை ஏன் கத்த வைச்சனியள்?"

"அந்த இடத்திலை பாட்டு நிக்குதல்லோ பிள்ளை. நிண்டா, ஓட்டோ போயிட்டுது எண்டு சனம் திரும்பிப் போயிடும்."

அவர் சொன்னதில் பிழை பிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

4

இவ்வளவையும் எழுதி ஒரு சஞ்சிகை ஆசிரியருக்கு* அனுப்பினேன். போனில் வந்தார்.

"நல்லா இருக்கு. அந்த ஏழு தட்டு யுத்தத்திலை போன ஆரையும் குறிக்குதோ? அப்பிடி ஒரு வரி போட்டீங்களெண்டா கதை எங்கேயோ போயிடும்."

எழுதிப் பார்த்தேன். "அந்த மௌனத்துக்குள் காணாமற்போன அவளுடைய" —

முடிக்க ஜெசிதா விடவில்லை; கதைக்குள்ளிருந்தே தலையை நீட்டினாள்.

"என்ன எழுதுறியள்?"

"உமக்கு ஒரு அண்ணை இருந்திருந்தால்..."

"எனக்கு அண்ணை இல்லை. ஒரு பொம்பிளை யோசிக்கிறாள். யோசிக்கிறவளுக்கு ஏழு தட்டு விட உங்களுக்கு ஏலாதோ?"

"வாசிக்கிற சனம்..."

"மார்க்கண்டர் அதுக்குள்ளை பணிஸை வைச்சார். நீங்கள் பிரேதத்தை வைக்கிறியள். என்ன வித்தியாசம்?"

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடி வீதியோரம் குந்தியிருக்கும் தாய்மாரை, என் கதைக்கு உப்புப் போட இழுத்து வரப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை அழிக்காமல் மேலே விட்டிருக்கிறேன். அது அப்படியே பாதியில் கிடக்கட்டும்.

* இவரும் நல்ல மனிதர்தான். சஞ்சிகையும் ஓட வேண்டுமே.

5

இனிச் சயந்தன். கனடாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் திறந்தவெளி இசைவிழா நடத்துகிறவன். ஜெசிதாவின் மெட்டு அந்த ஓட்டோக் குரலோடு 'பாண் பாட்டு' என்ற பெயரில் டிக்டொக்கில் பறந்துகொண்டிருந்த நேரம், அவளை மேடைக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த இடத்திலை மைக்கைச் சனத்துக்கு நீட்டுங்கோ. பணிஸ் எண்டு அவையள் கத்தட்டும். மிச்சத்தை நான் பாக்கிறன். அடுத்தது ரொறன்ரோ மேடை."

"நான் என்ரை பாட்டைப் பாடுவன்."

"தாராளமாப் பாடுங்கோ. அந்த ஒரு இடத்தை மட்டும்..."

"அதை விட்டால் பாட்டு இல்லைத் தம்பி."

"அப்ப இதுதான் உங்கடை கடைசி மேடை, அக்கா. நான் வெருட்டேல்லை, உள்ளதைச் சொல்லுறன்."

அவளுக்குப் பயம் வந்தது. ரொறன்ரோ மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டவில்லை.

6

முடிவு அ: ஏழு தட்டு வருகிறது. மைதானம் மெய்மறந்து அடங்குகிறது. எங்கும் கண்ணீர். (எங்கள் சனத்தைத் தெரிந்தவன் இதை எழுதமாட்டான்.)

முடிவு ஆ: சனம் "பணிஸ்!" என்கிறது. அவளும் சிரித்து மைக்கை நீட்டுகிறாள். எல்லோருக்கும் வெற்றி. இதைப் படித்துக் காட்டினேன். "நல்ல கதை. வேறை ஆரையும் வைச்சு எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். மாலை, மைதானம் நிறைந்த சனம். அவள் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று பாடிவிட்டுக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள்.

"பணிஸ்!" என்றது மைதானம். விசில், சிரிப்பு. ஏழு தட்டு முடிந்தது. அவள் அடுத்த வரியைத் தொடங்கவில்லை. மறுபடியும் "பணிஸ்!" அவள் கைகள் மடியில் இருந்தன. மேடை ஓரத்தில் நின்று சயந்தன் கையை வீசினான். ட்ரம்ஸ்காரன் சமாளிக்கப் பார்த்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவன் தடியைக் கீழே வைத்துவிட்டான்.

"பாடுங்கோவன் அக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் மைக்கை நெருங்கினாள். "இன்னும் யோசிக்கிறன்" என்றாள்.

கூ என்று ஒரு சத்தம் எழும்பியது. முன்வரிசையில் ஒருவர் 'உஸ்' என்று சனத்தை அடக்கினார் என்று எழுதப் போனேன். ஜெசிதா என்னை முறைத்தாள். எழுதவில்லை. சனம் அடங்கும் என்று அவளுக்கு உறுதி தர என்னிடம் ஒன்றும் இல்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் சத்தத்துக்குள் பாட்டை வைக்கமாட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த வரி, பாட்டில் அந்தப் பெண் சொல்லும் பதில், எனக்குத் தெரியும். எனக்குப் பாடிக் காட்டியிருக்கிறாள். அதைக் கடைசியில் போட்டால் கதையை எடுத்துக்கொள்வதாக ஆசிரியர் சொல்கிறார். போடமாட்டேன். மைதானம் இரைகிறது. இவ்வளவு தூரம் வாசித்த நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். வாயை மூடுவதா, பணிஸ் கேட்பதா என்பது உங்கள் விருப்பம். அவளுக்கு அவசரம் இல்லை.