தாய்மாமன் சாயல்

கடையைத் திறக்க வந்தபோது ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக்கடையின் அலமாரிகள் காலியாக இருந்தன. அத்தனை மூக்குக்கண்ணாடிகளும் தரையில், நடுவிலிருந்து சுருள் சுருளாக விரிந்து கிடந்தன. வெயில் பட்டுச் சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டுகள். நடுவே வெறுங்காலோடு அவள் மகள்.

“பார்த்து வாம்மா. எல்லாம் முழிச்சிருக்கு.”

நாலைந்து நாளாகத் தூங்காத பெண். முகத்தில் களைப்பின் சுவடே இல்லை. பேச்சு கொட்டிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும்தான் முகம் இறுகியது. “எனக்கென்ன வியாதி? இவ்ளோ நல்லா நான் இருந்ததே இல்ல.”

இதே பேச்சைத் தாய் தன் தம்பியின் வாயிலும் கேட்டிருக்கிறாள். அவன் காற்றுகூட மகள்மேல் படக்கூடாது என்று, குழந்தை பிறந்ததிலிருந்து அவனை வீட்டுப் படியேற விட்டதில்லை. இப்போது அவளே போன் போட்டாள். “கொஞ்சம் கடைக்கு வாடா,” என்றாள்.

தம்பி கார் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன். நகக்கண்ணில் சிவப்போடு அப்படியே வந்தான். ஒரு கண்ணாடியையும் மிதிக்காமல் தாண்டிப்போய் மகளின் எதிரே சம்மணமிட்டான். இருவரும் பேசிப் பழகியதே கிடையாது. ஆனால் அவர்கள் பேசத் தொடங்கியதும் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே சிரிப்பு. வார்த்தை அகப்படாதபோது விரலால் காற்றைக் கிள்ளுகிற அதே பழக்கம். யார் சொல்லிக்கொடுத்தது? வாசலிலேயே தடுத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தது, யாரையும் கேட்காமல் அவள் வயிற்றின் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பயப்படக்கூடத் தோன்றாமல், கடலை முதன்முதலாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் பளபளன்னு இருக்குல்ல?” என்றான் தம்பி.

“உங்களுக்கும் தெரியுமா மாமா?”

“தெரியும். எனக்கு கலரெல்லாம் பேசும். அப்புறம் ஒருநாள் மொத்தமா அணைஞ்சிரும். எந்திரிச்சு பல்லு வெளக்கக்கூட முடியாது. இப்ப மாத்திரை போடறேன். கலரு அங்கயேதான் இருக்கு, கத்தறதில்ல. அவ்ளோதான்.”

மகள் வெகுநேரம் அவன் நகங்களையே பார்த்தாள். “நீங்க கூட வருவீங்களா?”

“வராம?”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?” என்றார்.

தம்பி வகுப்பில் ஆஜர் சொல்பவன்போல் கையைத் தூக்கினான். “நான் ஒருத்தன்தான் டாக்டர். எங்க வம்சத்துக்கே பிள்ளையார் சுழி.”

மகள் சிரித்தாள்.

“இல்ல,” என்றாள் அக்கா. அது தன் குரல்தானா என்றிருந்தது. “எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு. இவன் அப்ப கைக்குழந்தை. தெருவுல இருக்கற மரத்துக்கெல்லாம் பேரு வெச்சிருந்தாரு. காலையில ஒவ்வொண்ணையும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நடப்பாரு. நானும் பின்னாடியே ஓடுவேன்.”

தம்பி மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தான். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.