சகோதரர்களின் சனிக்கிழமை

பெற்ற மகனைத் துப்பறிகிறவன்போலப் பின்தொடர்வது எவ்வளவு சிரமமான வேலை என்பது பேரின்பநாதனுக்குக் கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோவில் வைத்துத்தான் தெரிந்தது. தூணுக்குப் பின்னால் நின்றால் ரயில் வருவது அவருக்குத் தெரியவில்லை. ரயில் தெரிகிற இடத்தில் நின்றால் மகன் ஆரூரனுக்கு அவரைத் தெரிந்துவிடும். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். அது போதாதென்று, பனி வழிக்கும்போது மட்டும் போடுகிற பழைய கோட்டையும் தேடி எடுத்து மாட்டியிருந்தார். அதில் ஒரு கைப்பக்கம் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. வழக்கமான கோட்டோடு போனால் முதுகைப் பார்த்தே மகன் கண்டுபிடித்துவிடுவான் என்பது அவருடைய கணக்கு. ரயில் வந்ததும் அவன் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறி, இடையிலிருந்த கண்ணாடி வழியாக அவனுடைய பின்தலையைப் பார்த்தபடி நின்றார். முடி வெட்டியிருந்தான். எப்போது வெட்டினான் என்று அவருக்குத் தெரியவில்லை.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. மாரிக்குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. முதலில் வந்தது ஒரு ஜாக்கெட். கருநீலம், நெஞ்சில் முக்கோணம் ஒன்று, பக்கத்தில் ஒடிந்த கம்பிபோல் இன்னொன்று. இது என்ன என்று கேட்டதற்கு, கிரேக்க எழுத்து என்றான் ஆரூரன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் அவன் படிக்கிற சின்ன ஆங்கிலக் கல்லூரியில் கிரேக்கம் படிப்பிக்கிறார்கள் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு, படிக்கிற பொடியன்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதும், மகன் பாதி நாள் அங்கேதான் கிடக்கிறான் என்பதும் தெரியவந்தது. சனிக்கிழமைகளில் காலையிலேயே வெளிக்கிட்டுப் போனான். எங்கே என்றால் சிரித்தான். ஒருநாள் மனைவி குணேஸ்வரி விடாப்பிடியாகக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

“அவங்கள் என்ர பிரதர்ஸ் அம்மா. மிச்சம் வெளியில சொல்லக் கூடாது. வாற மாதம் நானும் சத்தியம் செய்து குடுக்கப் போறன்.”

அன்றைக்குக் குணேஸ்வரி கறியை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். தான் பெற்றது ஒரே ஒரு பிள்ளை, அவனுக்கு எங்கேயிருந்து இத்தனை சகோதரங்கள் முளைத்தன என்று இரவு முழுக்கப் புலம்பினாள். தெருமூலையில் டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்த மரியதாசன் எரிகிற நெருப்பில் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினான். பாலும் லொத்தர் சீட்டும் விற்பதைவிட ஊர்ப்பிள்ளைகள் கெட்டுப்போவதைக் கவனிப்பதில்தான் அவனுக்கு அக்கறை அதிகம்.

“ரொறொன்ரோவில பொடியள் இப்பிடித்தான் அண்ணை துவங்கினவங்கள். முதல்ல ஜாக்கெட். பேந்து சத்தியம். பேந்து பொலிஸ்தான் வந்து கதவைத் தட்டும்.”

பேரின்பநாதனுக்குப் பொலிஸ் பயம் பாதிதான். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில், சண்டைக் காலத்தில், அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் இப்படித்தான், முதலில் வீட்டில் பேசுவதைக் குறைத்தான். கேட்டால் சிரித்தான். பெயர் தெரியாத நண்பர்கள் படலைக்கு வெளியே சைக்கிளில் வந்து நின்றார்கள். ஒருநாள் ரியூசனுக்குப் போகிறேன் என்று சொல்லி, நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று மறுநாள்தான் தெரிந்தது. போனவன் போனவன்தான். வேறெங்கோ சத்தியம் செய்துகொடுத்த பிள்ளை அதற்குப் பிறகு வீட்டுப் பிள்ளை இல்லை என்பதை அந்த வயதிலேயே அவர் படித்துவிட்டார். யாராவது அன்றைக்கு அவனுக்குப் பின்னால் போயிருக்கலாம். அதனால்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மகனோடுதான் திரும்பி வருவேன் என்று குணேஸ்வரியிடம் சொல்லிப் புறப்பட்டிருந்தார். அவனைக் கல்லூரியிலிருந்து நிறுத்துவது என்றும் முடிவாகியிருந்தது. படிக்காவிட்டால் பரவாயில்லை, கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும்.

நீலப் பாதையின் கடைசி நிலையமான செயின்ட்-மிஷேலில் ஆரூரன் இறங்கினான். வெளியே பனி முழங்கால் அளவுக்குக் குவிந்திருந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயம்; அதன் பக்கவாட்டில் கீழே இறங்குகிற படிக்கட்டு. அங்கே அதே முக்கோண ஜாக்கெட்டுகள் நின்றன. ஒருவன் ஆரூரனின் முதுகில் அறைந்து வரவேற்றான். வேறு இரண்டு பேர் ஒரு வாகனத்திலிருந்து நீளமான, கனமான சாக்கு ஒன்றை முக்கி முனகி இறக்கிக் கீழே கொண்டுபோனார்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்ற பேரின்பநாதன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டார். சாக்குக்குள் என்ன இருக்கும் என்று மரியதாசனிடம் கேட்டிருந்தால் ஒரு பட்டியலே தந்திருப்பான். வருவது வரட்டும் என்று தெருவைக் கடந்து படியில் இறங்கினார்.

வாசலில் நெட்டையாக ஒருவன் நின்றான். ஜெரமி என்று பிறகு தெரிந்தது, அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் அவன்தான். பேரின்பநாதனைக் கண்டதும் போன்ஜூர் என்றான். கோட்டின் கிழிசலை ஒரு கணம் பார்த்தான். பார்க்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அவருடைய முழங்கையை மெல்லப் பிடித்து உள்ளே அழைத்துப் போனான். யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீள மேசைகள் போட்டிருந்த கூடத்தில், சூடு வருகிற பக்கமாகப் பார்த்து நாற்காலியை இழுத்து உட்காரவைத்தான். இடப்பக்கம் பல்லில்லாத கிழவர் ஒருவர், எதிரே கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லோர் முன்னாலும் கரண்டி இருந்தது. அவர் முன்னாலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். தன்னைச் சாப்பாட்டுக்கு வழியில்லாத மனிதன் என்று நினைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் பேரின்பநாதனுக்கு உறைத்தது. எழுந்துவிடலாம் என்று மேசையைப் பிடித்தவர் கையை எடுத்துக்கொண்டார். இவ்வளவு மரியாதையாக அவரை யாரும் உட்காரவைத்துக் கனநாளாகியிருந்தது. சமையலறை வாசலில் அந்தச் சாக்கை அவிழ்த்து ஒரு பொடியன் உருளைக்கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

சூப் தட்டோடு மேசை மேசையாக வந்தவன் ஆரூரன். கிழவருக்கு வைத்தான், குனிந்து ஏதோ பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்கவைத்தான். பிறகு நிமிர்ந்தான். தட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது.

பேரின்பநாதன் கண்ணாலேயே அவனுக்குச் சொன்னார், தெரியாத ஆள்போல் போய்விடு என்று. அவர் ஆசைப்பட்டதும் அதைத்தான். சிநேகிதர்களுக்கு முன்னால், பஞ்சு பிதுங்கிய கோட்டோடு, தருமச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரைத் தன் தகப்பன் என்று சொல்லும்படி எந்தப் பிள்ளையையும் வைக்கக் கூடாது. ஆரூரனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. சூப்பை அவர் முன்னால் சிந்தாமல் வைத்தான்.

“தொப்பியைக் கழட்டுங்கோ அப்பா. உள்ளுக்கு வெக்கை.”

சொல்லிவிட்டுத் திரும்பி, இவர் என்னுடைய அப்பா என்று ஜெரமிக்கு ஆங்கிலத்தில் சொன்னான். மெல்லச் சொல்லவில்லை. நெட்டையன் தலையில் கையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். கேட்டு முடிக்கிறவன்போல் தெரியவில்லை. பேரின்பநாதன் பரவாயில்லை பரவாயில்லை என்றபடி குனிந்து சூப்பைக் குடித்தார். மிளகும் இல்லை, உப்பும் கொஞ்சம் குறைவு. கண் கலங்கியதற்குக் காரணம் அதுவல்ல.

குடித்து முடித்த கையோடு, அந்தச் சமையலறையை ஆள்கிற ஜோசபின் என்ற ஹெய்ட்டிக்காரப் பெண்மணி அவரை உள்ளே இழுத்துவிட்டாள். கையும் காலும் உள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதை அவள் அனுமதிப்பதில்லையாம். ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டுப் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ வேலை செய்த மனிதர், அண்டா கழுவுவதில் மகா மோசம். சட்டை தொப்பலாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆரூரன் வந்து பக்கத்தில் நின்று, அவர் கழுவியதை ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பக் கழுவத் தொடங்கினான்.

“எனக்குப் பின்னால வந்தனீங்களோ?”

“ஓம்.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததாலேயே அவருக்குச் சொல்லத் தோன்றியது.

“எனக்கு ஒரு தம்பி இருந்தவன்.”

“தெரியும். அம்மா சொன்னவ.”

இத்தனை வருடமாக வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததைக் குணேஸ்வரி பிள்ளைக்குச் சொல்லிவிட்டிருக்கிறாள். கோபம் வரவேண்டும், வரவில்லை, தோள் கொஞ்சம் இறங்கினதுபோல் இருந்தது. ஆரூரன் அண்டாவைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனான். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்து, ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்கிற மாணவர் சங்கம் இது; சனிக்கிழமைகளில் இங்கே வந்து சமைத்துப் பரிமாறுவார்கள். சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடத்திலிருந்து, வாடகைக்கு எடுத்த அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது இவர்களுடைய விதி. முதல் நாளே அவன், நான் இரவில் வீட்டுக்குப் போகிறவன், அது முடியாதென்றால் நான் சேரவில்லை என்று சொல்லியிருக்கிறான். சித்தப்பாவின் கதையையும் சொன்னானாம். எல்லோரும் கூடி வாக்கெடுத்து, இவன் ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினார்களாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அண்டாவின் விளிம்பையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப எனக்கே அங்க இருக்க விருப்பமா இருக்கு அப்பா. செப்டம்பரில இருந்து. உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. அதுதான் வீட்டில கதைக்காமத் திரிஞ்சனான்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வந்தவருக்குப் பக்கத்திலேயே அந்தக் கை இருந்தது, முழங்கைவரை சவர்க்கார நுரையோடு. அந்த வீடு ஒன்றும் வேறு தேசத்தில் இல்லை. ஒரு பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் தம்பியின் ரியூசன் வகுப்பும் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது.

“அவன் கேக்காமப் போனவன். நீ கேட்டிட்டாய்,” என்றார் பேரின்பநாதன். அவர் நீட்டிய மூடியை ஆரூரன் வாங்கித் துடைத்தான்.

வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு, பொடியன்கள் மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். பேரின்பநாதனுக்கும் ஒரு நாற்காலி வந்தது, மகனுக்குப் பக்கத்தில். இவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் தன் தட்டில் தானாகப் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் வலப்பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பரிமாறவேண்டும். கடைசித் தட்டு நிறையும்வரை எவனும் கரண்டியைத் தொடக் கூடாது. ஜெரமி அதை விளக்கிச் சொல்லிவிட்டு, இன்றைக்குக் கடைசியாகப் பரிமாறுகிறவர் நீங்கள்தான் என்றான். சிவப்பு பீன்ஸ் போட்டு வேகவைத்த ஜோசபினின் சோற்றுப் பானை மேசையைச் சுற்றிக் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்தது. வலப்பக்கத்தில் ஆரூரனின் வெறும் தட்டு.

அகப்பையால் ஒரு முறை அள்ளிப் போட்டார். அடுத்ததற்குக் கை நீண்டு, நின்றது. மகன் எவ்வளவு சாப்பிடுவான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மாலை வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவனுடைய சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். லீவு நாட்களிலோ அவன் அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடுவான். குணேஸ்வரிக்குத் தெரியும். கேட்டால் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

“போதுமோ?”

ஆரூரன் தட்டைப் பார்த்தபடி இருந்தான். போதும் என்றும் சொல்லவில்லை, இன்னும் என்றும் சொல்லவில்லை. இரண்டாவது அகப்பையும் விழுந்தது. மூன்றாவதில் பீன்ஸ் இரண்டு உருண்டு தட்டின் விளிம்பைத் தாண்டி மேசையில் விழுந்தன. சுற்றிவரக் கருநீல ஜாக்கெட்டுகள், காலையிலிருந்து கிழங்கு உரித்த பசியோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தன. பேரின்பநாதன் நான்காவது முறையும் அள்ளினார். ஆவி பறக்கிற அகப்பையைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, போதும் என்று அவனே சொல்லட்டும் என்று மகனின் முகத்தைப் பார்த்தார்.